காம்ரேட்ஸுக்கு மூச்சு தயார், குதிகால் தயாரா?

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் காலைப் பற்றியவை. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓடும் ஜூன் மாத காம்ரேட்ஸ் பந்தயத்துக்குப் பயிற்சி சூடுபிடிக்கும் நேரம், தைப்பூசக் காவடியும் இப்போதுதான் முடிந்திருக்கிறது, ஆச்சரியமில்லை. கழுத்துவலிக்காரர்களும் முதுகுவலிக்காரர்களும் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை தசைநாண் மட்டும்தான்.

எனக்கு 46 வயது. இரண்டு வருடமாக ஓடுகிறேன், இந்த வருடம்தான் முதல் காம்ரேட்ஸ். செப்டம்பர் வரை டர்பன் கடற்கரை நடைபாதையில் வாரம் 30 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தேன். அக்டோபரில் கிளப்பில் சேர்ந்ததும் அது 60 ஆகிவிட்டது, மேடுகளும் சேர்ந்துகொண்டன. நவம்பரில் ஆரம்பித்தது தொல்லை. காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் வலது குதிகாலுக்கு மேலே பின்பக்கம் பிடித்துக்கொள்கிறது, குளியலறை வரை நொண்டித்தான் போகிறேன். ஆனால் ஓட ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் வலி காணாமல் போகிறது. மருத்துவர் சொன்னபடி ஆறு வாரம் ஓய்வெடுத்தேன், சுத்தமாகப் போய்விட்டது. திரும்ப ஓடிய மறுநாளே பழையபடி. ஓய்வு போதவில்லையா அண்ணா?
— வாசகர், சாட்ஸ்வர்த்

ஓய்வு குறைந்துவிடவில்லை தம்பி, ஓய்வு மட்டும் எடுத்ததுதான் சிக்கல்.

ஓட ஆரம்பித்தால் மூச்சும் இதயமும் சில வாரங்களிலேயே தேறிவிடும், தொடைத் தசைக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். தசையை எலும்போடு கட்டிவைத்திருக்கும் தசைநாண் இருக்கிறதே, அது இவர்கள் யாருக்காகவும் அவசரப்படாது. பெரும்பகுதி கொலாஜன் என்ற புரத இழைதான், உயிரணுக்கள் கொஞ்சம், ரத்த ஓட்டம் அதைவிடக் கொஞ்சம். அதனால் உங்களுக்கு "இப்போது 60 ஓடலாம்" என்று மூச்சு சொல்லும்போது, குதிகால் இன்னும் 30-லேயே நின்றுகொண்டிருக்கிறது. புதிதாக ஓட வருபவர்களுக்கு ஏழெட்டு மாதம் பயிற்சி கொடுத்து அளந்து பார்த்தபோதுகூட, கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டும் அக்கிலிஸ் தசைநாண் தடித்திருக்கவில்லை. பல வருடம் ஓடியவர்களுக்குத்தான் அது தடிப்பாக இருக்கிறது.

அதன் மேல் விழும் சுமையையும் பாருங்கள். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் அக்கிலிஸில் உடல் எடையைப் போல ஆறிலிருந்து எட்டு மடங்கு இழுவிசை வருகிறது. 75 கிலோ ஆளென்றால் கிட்டத்தட்ட அரை டன். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு காலுக்கு ஐந்நூறு தடவை இது நடக்கிறது. அடி விழும்போது நீண்டு சக்தியைச் சேமித்து, காலைத் தூக்கும்போது திருப்பிக் கொடுக்கிற வேலை அதற்கு. ஒரு அடியில் கைமாறும் சக்தியில் சுமார் 35 சதவீதம் அக்கிலிஸ் ஒன்றிலேயே சேமிக்கப்படுகிறது என்று 1987-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். நெடுந்தூரம் ஓட முடிவதே இதனால்தான்.

கடுமையாக ஓடிய பிறகு தசைநாணுக்குள் கொலாஜன் உடைவதும் புதிதாக உண்டாவதும் இரண்டும் சேர்ந்தே நடக்கும். முதல் ஒரு நாள், ஒன்றரை நாளுக்கு உடைவதுதான் அதிகம். அதற்குப் பிறகுதான் உண்டாவது முந்துகிறது, மூன்று நாள் வரைகூட அந்த வேலை நடக்கும். செவ்வாய் மேடு, புதன் வேகம், வியாழன் மறுபடி மேடு என்று கிளப் அட்டவணை இருந்தால் (பல கிளப்களில் அப்படித்தான் இருக்கிறது, ஏனென்று கேட்டால் கோபம் வருகிறது) கணக்கு எப்போதும் நஷ்டத்திலேயே நிற்கும்.

சரி, ஓய்வெடுத்தும் ஏன் சரியாகவில்லை? சுமையே இல்லாவிட்டால் வலிக்காது, அவ்வளவுதான். அந்த ஆறு வாரத்தில் கெண்டைக்கால் தசை வலு குறைந்தது, சுமையைத் தாங்க தசைநாணுக்கு வேண்டிய விறைப்பும் குறைந்தது. அக்டோபரில் இருந்ததைவிடப் பலவீனமான காலோடு அக்டோபரில் ஓடிய அதே ஓட்டத்துக்குத் திரும்பியிருக்கிறீர்கள்.

இதற்கு மருந்து, சுமையை அளந்து கொடுப்பது. ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் என்ற சுவீடன் எலும்பு மருத்துவருக்கே இந்த வலி வந்தது. அறுவை சிகிச்சை செய்ய மேலதிகாரி சம்மதிக்கவில்லையாம். இன்னும் மோசமாக்கிக்கொண்டால் வேறு வழியில்லாமல் செய்வார்கள் என்று வலிக்கிற காலை வைத்தே கடுமையாகப் பயிற்சி செய்தாராம், வலி போய்விட்டது என்று சொல்வார்கள். 1998-இல் அதை முறையாகச் செய்து பார்த்து வெளியிட்டார். இன்றைக்கும் உலகம் முழுக்க அக்கிலிஸ் வலிக்கு அதுதான் அடிப்படை.

செய்முறை இது. மாடிப்படியின் கடைசிப் படி விளிம்பில் முன்பாதம் மட்டும் படும்படி நில்லுங்கள், கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு காலாலும் எம்பி, எடையை முழுக்க வலிக்கிற காலுக்கு மாற்றி, மனதுக்குள் மூன்று எண்ணியபடி குதிகாலைப் படிக்குக் கீழே இறக்குங்கள். மேலே ஏறுவதற்கு நல்ல காலை உபயோகியுங்கள். 15 தடவை, மூன்று சுற்று, முட்டியை நேராக வைத்து. அப்புறம் அதே அளவு முட்டியை லேசாக மடக்கி, ஏனென்றால் அப்போதுதான் கெண்டைக்காலில் அடியில் இருக்கும் சோலியஸ் தசை வேலை செய்யும். காலையும் மாலையும், 12 வாரம். கொஞ்சம் வலிக்கும், வலிக்கலாம். சுலபமாகிவிட்டால் முதுகுப்பையில் ஐந்து கிலோ அரிசிப் பையைப் போட்டுக்கொள்ளுங்கள், பிறகு பத்து கிலோ.

கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 180 தடவை வருகிறது. வேலைக்குப் போகிறவர் எத்தனை பேர் இதை மூன்று மாதம் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் ஜிம் வசதி இருப்பவர்களுக்கு நான் வேறு வழி சொல்கிறேன். வாரம் மூன்று நாள், கனமான எடையோடு, மெதுவாக ஏறி மெதுவாக இறங்குவது. 2015-இல் டென்மார்க்கில் இரண்டையும் ஒப்பிட்டார்கள், பலன் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் வாரம் மூன்று நாள் முறையை ஆட்கள் விடாமல் செய்தார்கள்.

ஓட்டத்தை முழுக்க நிறுத்த வேண்டாம். மேட்டையும் வேகத்தையும் முதலில் வெட்டுங்கள், சமதரையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடுங்கள். பத்துக்கு ஐந்து வரை வலி வந்தாலும் மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் தொடரலாம் என்பது சுவீடன் ஆய்வில் வந்த விதி. நான் அதை மூன்று என்றே சொல்வேன், நம் ஆட்கள் ஏழையும் நாலு என்று சொல்லக்கூடியவர்கள்.

ஒரு விஷயம், இதெல்லாம் குதிகால் எலும்புக்கு இரண்டு முதல் ஆறு சென்டிமீட்டர் மேலே வலிப்பவர்களுக்கு. எலும்போடு ஒட்டும் இடத்திலேயே வலித்தால் படிக்குக் கீழே இறக்கக் கூடாது, தசைநாண் எலும்பில் அழுந்தி எரிச்சல் கூடும். தரையில் நின்றே செய்யுங்கள்.

இந்த வருடம் ஓட முடியுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்கத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஏப்ரல் நடுவில் வாரம் 50 கிலோமீட்டரைக் காலையில் எழும்போது வலி இல்லாமல் எட்டினால் யோசிக்கலாம். இல்லாவிட்டால் அடுத்த வருடம். 1921-லிருந்து நடக்கிற பந்தயம், உலகப் போருக்கும் கொரோனாவுக்கும் மட்டும்தான் நின்றது.

ஸ்கேனில் அக்கிலிஸ் தசைநாண் சிதைந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். ஓடினால் அறுந்துவிடுமா? பயத்தில் படிகூட ஏறுவதில்லை.
— வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

படி ஏறுங்கள். கொஞ்சமும் வலி இல்லாமல் ஓடுகிற பலருக்கு ஸ்கேன் எடுத்தால் இதே வாசகம்தான் வரும். அறுந்துபோனவர்களின் தசைநாணில் சிதைவு ஏற்கெனவே இருந்திருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு அதற்கு முன் வலியே இருந்ததில்லை. வலி வந்தவர் சுமையைக் குறைத்துக்கொள்கிறார், வலி இல்லாதவர் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பந்துக்குப் பாய்கிறார். முப்பதிலிருந்து ஐம்பது வயது ஆண்கள், வாரம் ஒருநாள் கால்பந்து அல்லது பாட்மின்டன், இவர்களுக்குத்தான் அதிகம் அறுகிறது.

அறுந்தால் சந்தேகமே வராது. யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி இருக்கும், திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். குப்புறப் படுத்து, பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்க, வேறொருவர் கெண்டைக்கால் தசையை அழுத்த வேண்டும். பாதம் அசைந்தால் தசைநாண் இருக்கிறது. அசையாவிட்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், நாளை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

சிதைந்த பகுதி பழையபடி ஆகாது. அதைச் சுற்றியிருக்கும் நல்ல பகுதியை வலுவாக்க முடியும், மேலே சாட்ஸ்வர்த் தம்பிக்குச் சொன்னதேதான்.

ஓடுவதற்கு முன் ஸ்ட்ரெட்ச் செய்தால் தசைநாண் பிரச்சினை வராதாமே?
— வாசகர், டோங்காட்

வரும். சுகமாக இருந்தால் செய்யுங்கள், காப்பாற்றும் என்று நம்பாதீர்கள்.

அப் ரன், டவுன் ரன் இரண்டில் எது காலுக்குக் கெடுதல்? கிளப்பில் தினமும் சண்டை.
— வாசகர், லெனேசியா

சண்டை போடுகிற இருவருமே சரி. டர்பனிலிருந்து மேலே ஏறும் வருடத்தில் கெண்டைக்காலுக்கும் அக்கிலிஸுக்கும்தான் அடி. மேட்டில் பாதம் மேல்நோக்கி வளைந்தே இருக்கிறது, தசைநாண் அந்த நீண்ட நிலையிலிருந்தே தள்ள வேண்டும். கவீஸ், ஃபீல்ட்ஸ், போத்தாஸ், பாதி வழி தாண்டி இன்சாங்கா என்ற மேடுகளையெல்லாம் முடித்து, எண்பது கிலோமீட்டர் வாக்கில் பாலி ஷார்ட்ஸ் மேட்டில் பலர் நடப்பது மூச்சு இல்லாததால் மட்டுமல்ல.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து இறங்கும் வருடத்தில் தொடையின் முன்தசையும், முட்டிச்சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாணும் வாங்கிக் கட்டிக்கொள்ளும். பைன்டவுனுக்குள் இறங்கும் ஃபீல்ட்ஸ் ஹில்லில் ஒவ்வொரு அடியும் பிரேக் போடுவதுதான், அதுவும் 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய கால்களோடு. இறக்கத்துக்குப் பயிற்சி இறக்கத்தில்தான் கிடைக்கும். ஆனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். கேப் டவுனில் டூ ஓஷன்ஸ் 56 கிலோமீட்டரை முடித்த கையோடு மறுவாரமே இறக்கப் பயிற்சி என்று கிளம்புகிறவர்களைப் பார்க்கிறேன், மே மாதம் அவர்கள் என் கிளினிக்கில் இருப்பார்கள்.

தைப்பூசத்தன்று வெறுங்காலில் காவடி எடுத்தேன். மறுநாள் ஞாயிறு, வழக்கமான 18 கிலோமீட்டர் ஓடினேன். இரண்டு குதிகாலும் வீங்கிவிட்டன. வேண்டுதலால் வந்ததென்று சொன்னால் அம்மா வருத்தப்படுவார்.
— வாசகர், பீனிக்ஸ்

அம்மாவிடம் 18 கிலோமீட்டரால் வந்தது என்று சொல்லுங்கள், பாதி உண்மை.

ஓடும் ஷூவில் குதிகால், முன்பாதத்தைவிடப் பத்து மில்லிமீட்டர் போல உயர்ந்திருக்கும். வருடம் முழுக்க அதிலேயே இருந்துவிட்டு, ஒரு நாள் திடீரென்று வெறுங்காலில், தோளில் எடையோடு, தார் ரோட்டில், மேளம் கேட்டால் நிற்க முடியாத காலோடு பல மணி நேரம் போனால், அக்கிலிஸுக்கு அதுவே ஒரு நீண்ட பயிற்சி. அதை உங்கள் ஓட்டக் கணக்கில் எழுதியிருக்க வேண்டும். அப்புறம் மூன்று நாளாவது விட்டிருக்க வேண்டும். சித்திரா பௌர்ணமிக்கும் காவடி எடுக்கிறவர்கள் கவனியுங்கள், அது காம்ரேட்ஸுக்குச் சில வாரம் முன்னால் வந்து நிற்கும். ஒரு மாதம் முன்பிருந்தே வீட்டிலும் முற்றத்திலும் வெறுங்காலில் நடந்து பழகுங்கள்.

சர்க்கரை நோய் இருப்பவர் என்றால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், சுடுகிற தாரும் குத்திய கல்லும் தெரியாது. அன்றிரவே வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பாருங்கள். நாள்பட்ட சர்க்கரை கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று ஒட்டி இறுக்கிவிடும், அதனால் இவர்களுக்குத் தசைநாண் வலி மற்றவர்களைவிட அதிகமாகவே வருகிறது.

ஆட்டுக்கால் சாப்பிட்டால் தசைநாண் வலுவாகும் என்று மாமியார் வாராவாரம் பீன்ஸ் போட்டுக் கறி வைக்கிறார். உண்மையா?
— வாசகர், வெருலம்

மாமியாரைப் பகைத்துக்கொள்ளாத பதில் ஒன்று கைவசம் இருக்கிறது. 2017-இல் ஒரு சிறு ஆய்வில், 15 கிராம் ஜெலட்டினை வைட்டமின் சி சேர்த்துக் குடித்து, ஒரு மணி நேரம் கழித்துக் கயிறு தாண்டியவர்களுக்கு, ரத்தத்தில் கொலாஜன் உற்பத்தியைக் காட்டும் அளவு இரட்டிப்பானது. ஆட்டுக்கால் வெந்து கரைவதும் ஜெலட்டின்தான். ஆனால் ஆய்வில் இருந்தது எட்டே எட்டு இளைஞர்கள், அளந்தது ரத்தத்தை, வலியை அல்ல. சாப்பிடுங்கள். சாப்பிட்டுவிட்டுப் படியில் ஏறி இறங்கவும் செய்யுங்கள். கொலஸ்ட்ரால் இருந்தால் மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

சிறுநீர்த் தொற்றுக்கு சிப்ரோஃப்ளோக்ஸசின் கொடுத்திருக்கிறார்கள். மூன்று வாரத்தில் மாரத்தான். மாத்திரையோடு ஓடலாமா?
— வாசகி, பெனோனி

மருத்துவருக்கு இன்றைக்கே போன் செய்து, "நான் நெடுந்தூரம் ஓடுகிறவள், வேறு மருந்து உண்டா" என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். இந்த வகை ஆன்டிபயாட்டிக்குகள் தசைநாணைப் பலவீனமாக்கலாம், முக்கியமாக அக்கிலிஸை. அறுந்தே போகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இல் மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டிக் கடும் எச்சரிக்கை போட வைத்தது. 60 வயதைத் தாண்டியவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதை. மாத்திரை முடிந்து சில மாதம் கழித்தும் வரலாம். வேறு மருந்து கிடையாது என்றால், மருத்துவர் சரி சொல்லும் வரை வேகமும் மேடும் வேண்டாம், குதிகாலில் புதிதாக வலி வந்தால் உடனே அவரிடம் சொல்லுங்கள்.

மாத்திரைப் பேச்சு வந்ததால் ஒன்று. பந்தய நாளில் வலி தெரியக் கூடாதென்று அழற்சியைக் குறைக்கும் வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடும் பழக்கத்தை விடுங்கள். காம்ரேட்ஸ் ஓடிவிட்டுச் சிறுநீரகம் செயலிழந்து வந்தவர்களை டர்பன் மருத்துவர்கள் பல வருடம் முன்பே பதிவு செய்திருக்கிறார்கள், வலி மாத்திரைக்கு அதில் பங்கு உண்டு.

என் கணவர் பதினைந்து வருடமாக ஓடுகிறார். இரண்டு குதிகால் தசைநாணும் தடித்து, தொட்டால் முடிச்சு முடிச்சாக இருக்கிறது. ஓட்டக்காரர்களுக்கு அப்படித்தான் என்கிறார். கைவிரல் முட்டிகளிலும் இப்போது அதே மாதிரி. வலி இல்லை. அவருடைய அண்ணன் 41 வயதில் மாரடைப்பில் போய்விட்டார், அதனால் எல்லாவற்றுக்கும் பயமாக இருக்கிறது அண்ணா.
— வாசகி, இசிபிங்கோ

தங்கச்சி, இந்த முறை வந்த கடிதங்களில் நான் முதலில் எடுத்தது உங்களுடையதுதான். பயம் நியாயமானது.

பல வருடம் ஓடினால் அக்கிலிஸ் கொஞ்சம் தடிக்கும், ஆனால் வழவழப்பாக, சீராகத் தடிக்கும். முடிச்சு விழாது, கைவிரலுக்கு நிச்சயம் போகாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் தசைநாணில் கொலஸ்ட்ரால் படிந்திருக்கலாம். பிறவியிலேயே, குடும்ப வழியாக, கெட்ட கொலஸ்ட்ரால் மிக அதிகமாக இருப்பவர்களுக்கு இப்படி வரும். தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்கானர், யூதர், நம் இந்திய வம்சாவளியினர் ஆகியோரிடம் இந்த நோய் மற்ற நாடுகளைவிட அதிகம். சிகிச்சை எடுக்காவிட்டால் நாற்பதுகளிலேயே, அதற்கும் முன்பேகூட மாரடைப்பு வரும். ஒல்லியாக இருப்பதும் ஓடுவதும் இதைத் தடுக்காது. கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலைப் பிடித்து வெளியேற்றும் வழியே பிறப்பிலிருந்து பாதிதான் வேலை செய்கிறது.

இந்த வாரமே ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள், அண்ணனின் விஷயத்தையும் விரல் முட்டிகளையும் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் "ஓட்டக்காரர்தானே" என்று அவரும் விட்டுவிடலாம். அறிக்கை வந்து மருத்துவர் இதயத்தைப் பார்த்து முடிக்கும்வரை நீண்ட ஓட்டம் வேண்டாம். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளுக்கு இது நன்றாகக் கேட்கும். அவருக்கு இருப்பது உறுதியானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, அவர்களையும் பாருங்கள். அண்ணனின் பிள்ளைகளையும்.

தம்பி, எனக்கு 61 வயது. பேத்தி சனிக்கிழமை பார்க்ரன் என்ற ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குக் கூப்பிடுகிறாள். இந்த வயதில் தசைநாண் தாங்குமா?
— வாசகி, மெரிபேங்க்

தாங்கும் அம்மா. 1950களிலும் 60களிலும் அணுகுண்டு சோதனைகளால் காற்றில் கூடிய கதிரியக்கக் கார்பனை வைத்து, டென்மார்க்கில் அக்கிலிஸ் தசைநாணின் வயதைப் பார்த்தார்கள், 2013-இல் வெளியானது. அதன் உள்பகுதி 17 வயதுக்குள் உண்டானது, பிறகு புதுப்பிக்கப்படுவதே இல்லை. உங்கள் குதிகாலில் இருப்பது நீங்கள் பள்ளிக்கூடம் போன நாளில் நெய்தது. ஆனாலும் வயதானவர்கள் சில மாதம் எடைப் பயிற்சி செய்தால் தசைநாணின் விறைப்பு கூடுகிறது, அளந்து பார்த்திருக்கிறார்கள்.

முதல் இரண்டு மாதம் ஐந்து கிலோமீட்டரையும் நடந்தே முடியுங்கள், அங்கே யாரும் விரட்ட மாட்டார்கள். வீட்டில் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள், குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்குங்கள், முதலில் இரண்டு காலால், பிறகு ஒற்றைக் காலால். ஒற்றைக் காலில் பதினைந்து தடவை வந்ததும் ஒரு நிமிடம் ஓட்டம், நாலு நிமிடம் நடை என்று ஆரம்பிக்கலாம். பேத்தி முன்னால் போகட்டும்.